கிராண்ட் அண்ணன் பெயரில்

போன ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு இருபதுக்கு எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அண்ணன் ஒரு பழைய படம் போட்டார். சிவப்பு நிறத்தில், இரண்டே கதவுகளோடு, தரையோடு தரையாக ஒரு ஜப்பான் கார். அதன் மேல் கையூன்றியபடி அவர். கீழே ஒரு வரி: "என்னோட முதல் ஸ்போர்ட்ஸ் கார்." மதியத்துக்குள் பதினேழு இதயங்கள் விழுந்தன. அதில் ஒன்று என் மகளுடையது. "பெரியப்பா செம லா!" என்று எங்கள் ஊர் 'லா'வோடு வேறு எழுதியிருந்தாள். பிறகு சமையலறைக்கு வந்து, "அப்பா, அந்தக் கார்ல பெரியப்பா உங்கள எப்பவாச்சும் ஏத்திட்டுப் போயிருக்காரா?" என்று கேட்டாள்.

அந்தப் படத்தை எடுத்தவன் நான். ஓரத்தில் என் கட்டைவிரல்கூட மங்கலாகத் தெரிகிறது. காரை வாங்கியவனும் நான்தான்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. எங்கள் தீவின் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை. மூன்று வருடம் கம்பெனி பஸ்ஸில் தூங்கி வழிந்து போய்வந்து, ஓவர்டைம் செய்து சேர்த்த காசில் கடல் தாண்டி அக்கரையில் இருக்கும் ஜுருவுக்குப் போனேன். அங்கே பழைய கார்களைப் பழுது பார்த்து விற்கும் மணியம் அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கல்யாணமாகாத ஆளு, ரெண்டு கதவு காரு. இன்சூரன்ஸ்காரன் பயந்து ஓடிருவான் தம்பி. உங்க அண்ணன் பேர்ல போடுங்க. எல்லாரும் அப்படித்தான் லா செய்றாங்க."

எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். வண்டியின் பதிவுப் பத்திரத்தை இங்கே கிராண்ட் என்போம். அது வீட்டில் ஒருவர் பெயரில் இருக்கும், வண்டி இன்னொருவர் கையில் இருக்கும்.

"பேருதானேடா," என்றார் அண்ணன். "கிராண்டுல என் பேரு, சாவி ஒன் கையில. யாரு கேக்கப் போறா?"

தொழிற்சாலையில் ஒரு கையெழுத்து விடுபட்டால் பெட்டிச் சரக்கையே திருப்பி அனுப்புகிறவன் நான். சொந்தக் காருக்கு ஒரு துண்டுக் காகிதம்கூட எழுதி வாங்கவில்லை. பட்டர்வொர்த்தில் காரை ஃபெரியில் ஏற்றி, கடலைப் பார்க்காமல் காரையே பார்த்துக்கொண்டு தீவுக்கு வந்தேன். அவ்வளவு முட்டாள்.

நல்ல கார் என்று நினைத்துவிடாதீர்கள். பதினைந்து வயதான கிழம். வேகத்தடை ஒவ்வொன்றிலும் வயிறு உரசும். பானட்டின் மேல் மூடிக்குள்ளிருந்து எழும்பும் விளக்குகள் அதற்கு. இடது விளக்கு பாதி நாள் எழும்பாது. இறங்கி, பானட்டைத் திறந்து, மோட்டாரின் தலையிலிருக்கும் திருகைக் கையால் சுற்ற வேண்டும். ஜெலுத்தோங்கில் நடு ரோட்டில் நான் அப்படிச் சுற்றிக்கொண்டிருந்தபோது மோட்டார் சைக்கிளில் போன ஒருவர், "என்ன தம்பி, மாப்பிள்ளைக்குக் கண்ணு தெறக்கலையா?" என்று கத்திவிட்டுப் போனார். மழை பெய்தால் காலடியில் தண்ணீர் நிற்கும். கம்பளத்தில் நனைந்த நாயின் வாடை. அந்த வாடைக்காக எலுமிச்சம்பழத் தோலை இருக்கைக்கு அடியில் போட்டு வைப்பேன்.

எலுமிச்சை என்றதும் தண்ணீர்மலைக் கோயில் வாசல்தான் நினைவுக்கு வருகிறது. வேண்டாம் என்றாலும் வருகிறது. கார் வந்த வாரமே பூசைக்குக் கொண்டுபோனோம். அர்ச்சகர் குத்துக்காலிட்டு உட்கார்ந்துதான் அதற்குப் பொட்டே வைக்க முடிந்தது. நான்கு சக்கரத்துக்கும் பழம் வைத்துவிட்டு, "யார் பேருக்கு அர்ச்சனை?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் தன் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லி முடித்தார். நான் பார்த்த பார்வைக்கு, "கிராண்டுல யாரு பேரு இருக்கு? சாமிகிட்டப் பொய் சொல்லச் சொல்றியா?" என்றார். அம்மாவும் அண்ணியும் சிரித்தார்கள். அவரே ஓட்டுநர் இருக்கையில் ஏறிப் பழங்களை நசுக்கினார். பிறகு இறங்கிக் காரின் மேல் கையூன்றி நின்றார். நான் படம் எடுத்தேன்.

பதினான்கு மாதம் கழித்துக் கம்பெனி என்னை மூன்று மாதப் பயிற்சிக்கு ஜப்பானுக்கு அனுப்பியது. "வாரம் ஒருக்கா ஸ்டார்ட் பண்ணி வைங்கண்ணே," என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது வாசலில் வெள்ளை நிறத்தில் நான்கு கதவுக் கார் நின்றது.

"ஒங்கண்ணி மாசமா இருக்கா. அந்த ரெண்டு கதவுல அம்மாவ எங்க திணிக்கிறது, பிள்ளைய எங்க வைக்கிறது? அத மணியம்கிட்டயே குடுத்து இத மாத்திட்டேன்."

"அது என் காருண்ணே."

"யாரு இல்லன்னா? ஆனா கையெழுத்து நான்தானே போடணும். போட்டேன்."

"ஒரு ஓட்டக் காருக்கா அண்ணன் தம்பி அடிச்சுக்கிறீங்க? கை கழுவிட்டு சாப்பிட வா," என்றார் அம்மா. கழுவினேன். சாப்பிட்டேன். அந்தச் சோற்றின் மேல் எனக்கு இன்றும் கோபம் இருக்கிறது.

மறுநாள் ஜுருவுக்கு ஓடினேன். மணியம் அண்ணன் தலையைச் சொறிந்தார். "முந்தாநாளுதான் உதிரி சாமானுக்காக ரெண்டா அறுத்தாங்க தம்பி. எஞ்சின் கெடாவுல ஒரு பட்டறைக்குப் போயிருச்சு. தம்பிக்கு இனிமே வேணாமாம்னு உங்கண்ணன்தானே சொன்னாரு?" சுவரோரம் அறுபட்ட முன்பாதி கிடந்தது. நான் சுற்றிச் சுற்றி அலுத்த அந்த இடது விளக்கு நிமிர்ந்து நின்றது.

விற்றதைக்கூட ஒரு நாள் மன்னித்திருப்பேனோ என்னவோ. நான் சொல்லாததை என் பெயரில் சொன்னாரே, அதை முடியாது.

சமையலறையில் கேட்ட மகளிடம், "நான்தான் அவர ஏத்திட்டுப் போனேன். அது அப்பா காரு," என்றேன். நம்பாமல் சிரித்தாள். அலமாரியிலிருந்து அந்த வருடத்து நாட்குறிப்பை எடுத்துக் கொடுத்தேன். எண்ணெய் மாற்றிய நாள், ஓடிய கிலோமீட்டர், டயர் காற்று, எல்லாம் இருந்தன. நிதானமாகப் புரட்டினாள்.

"இதுல 'கார்', 'கார்'னுதான் இருக்கு. உங்க காருன்னு எங்கயுமே இல்லயேப்பா."

வாங்கிப் பார்த்தேன். இல்லைதான். தெரிந்த விஷயத்தை யார் எழுதுவார்கள்?

மணியம் அண்ணனின் பட்டறை இருந்த இடத்தில் இப்போது கண்ணாடிச் சுவர் வைத்த விற்பனைக்கூடம். ஃபெரியில் கார்களை ஏற்றுவதில்லை. அம்மா போய்விட்டார், வீடும் கைமாறிவிட்டது. இன்னொன்றும் போனது. ஜுருவிலிருந்து திரும்பிய அன்றிலிருந்து நான் என் அண்ணனை 'அண்ணே' என்று கூப்பிட்டதில்லை. கல்யாணம், கருமாதி, தீபாவளி எல்லாவற்றிலும் 'இந்தாங்க', 'கேட்டீங்களா' என்றே சமாளித்துவிட்டேன். இத்தனை வருடத்தில் அவர் அதைக் கவனிக்கவே இல்லை.