அர்மெல்லின் வலது முழங்கால்

ஹேண்ட்பால் ஆட்டத்தில் கோல்கீப்பர் என்றால் பந்துக்குப் பயப்படாதவள் என்று பலரும் நினைக்கிறார்கள். அது வெறும் பேச்சு. பயப்படாதவள் எவளும் கிடையாது. கண்ணை மூடாதவள்தான் கோல்கீப்பர். அர்மெல்லுக்கு ஒன்பது வயதில் பள்ளி விளையாட்டுக் கூடத்தில் பந்து மூக்கில் பட்டு ரத்தம் கொட்டியது. அப்போதும் அவள் கண் திறந்தேதான் இருந்தது. அதைப் பார்த்த ஆசிரியை அன்றே அவளைக் கோலுக்கு முன்னால் நிறுத்திவிட்டார். நின்றவள் நின்றவள்தான்.

அவள் அம்மா ஒனரின், துறைமுகத்து ஆலையில் மத்தி மீனை டப்பாவில் அடுக்குகிறவள். சனிக்கிழமை வேலை முடிந்ததும் மீன் வாடையோடு நேரே ஆட்டக் கூடத்துக்கு வந்து முதல் வரிசையில் உட்காருவாள். பக்கத்து இருக்கை தானாகக் காலியாகிவிடும்.

"கையால ஆடுற ஆட்டம்னு சொல்றாங்க. மூஞ்சியால ஆடுறவ நீ ஒருத்திதான்டி" என்பாள் மகளிடம்.

இருபது வயதில் கிழக்கே ஒரு பெரிய கிளப் அர்மெல்லைச் சம்பளம் கொடுத்து அழைத்துக்கொண்டது. முதல் பிரிவு ஹேண்ட்பால். தொலைக்காட்சியில் முகம் தெரியும் ஆட்டம். பிரான்ஸ் தேசிய அணியின் நீலச் சட்டையும் ஒருமுறை உடம்பில் ஏறியது. பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்து கடைசியில் கொஞ்ச நேரம் ஆடினாள், அவ்வளவுதான். அந்தச் சட்டையை ஒனரின் துவைக்கவே விடவில்லை. பிறகு வலது முழங்காலில் தசைநார் அறுந்தது. அறுவை செய்து தேறி வந்தாள், மறுபடியும் அறுந்தது. ஒப்பந்தம் முடிந்த வருடம் கிளப் பூங்கொத்து ஒன்றைக் கொடுத்துக் கையைக் குலுக்கியது. அவள் கடலோரத்து ஊருக்கே திரும்பி வந்து, பகலில் பள்ளி உணவுக் கூடத்தில் பிள்ளைகளுக்குப் பரிமாறிக்கொண்டு, மாலையில் ஊர் அணிக்குக் கோல்கீப்பராக நின்றாள். இரண்டாம் பிரிவுதான். ஆனாலும் அந்த ஊருக்கு அதுதான் பெரிய கிரீடம்.

இப்படி நான்கு பருவம் போயிற்று. ஐந்தாவதில் அணி தடுமாறியது. கடைசி ஆட்டத்தில் சமன் செய்தாலே போதும், பிரிவில் தங்கலாம். தோற்றால் கீழே போக வேண்டியதுதான்.

அந்த ஆட்டத்துக்குப் பயிற்சியாளர் லோயிக் ஒரு வழி வைத்திருந்தார். நம் பெண்கள் தாக்கும்போது கோல்கீப்பர் ஓடி வந்து பெஞ்சில் உட்கார வேண்டும்; அவளுக்குப் பதில் இன்னொருத்தி இறங்கி ஏழு பேராய்த் தாக்குவார்கள். பந்து கைமாறிவிட்டால் கோல்கீப்பர் எழுந்து, நெருப்புப் பட்டது போல் கோலுக்குத் திரும்பி ஓட வேண்டும். கோல் காலியாகக் கிடக்குமே! எதிரி அந்தப் பக்கத்திலிருந்தே எறிந்துவிடுவாள்.

அர்மெல்லின் முழங்காலோ அந்த மாதம் முழுவதும் வீங்கிக் கிடந்தது. மற்ற பெண்கள் அரைக்கால் சட்டையில் ஆடுவார்கள். கோல்கீப்பருக்கு மட்டும் தொளதொளவென்று முழுக்கால் சட்டை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். அவள் கட்டுப் போட்ட முழங்காலை அந்தச் சட்டைக்குள் மறைத்தாள். சொன்னால் பெஞ்சு. முப்பத்தேழு வயதில் பெஞ்சில் உட்கார்ந்தவளை மறுபடியும் எழுப்ப மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

ஆட்டத்தன்று கோலில் நிற்கும்போது ஒரு குறையும் இல்லை. கை நீண்டது, பந்து நின்றது. ஓட்டம்தான் வரவில்லை. முதல் பாதியில் பெரின் என்ற பெண் கையிலிருந்து இரண்டு முறை பந்து நழுவியது. இரண்டு முறையும் அர்மெல் பாதி வழியில் நொண்டிக்கொண்டிருக்கும்போதே பந்து அவள் தலைக்கு மேலே பறந்து காலிக் கோலில் விழுந்தது.

இடைவேளையில் உடை மாற்றும் அறைக்குள் லோயிக் கத்தினார்.

"பெரின்! கையில பிசின் தடவியிருக்கியா, வெண்ணெய் தடவியிருக்கியா? ரெண்டு கோல்! உன்னால ரெண்டு கோல்!"

 பெரின், பந்து நழுவாமலிருக்க விரல்களில் தடவியிருந்த பிசினை உரித்துக்கொண்டே இருந்தாள். கண்ணீர் மூக்கு வழியாக இறங்கியது. அர்மெல் அதைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். மறுபடியும் அவளைப் பார்த்தாள்.

"அவளை விடு, லோயிக்."

"நீ சும்மா இரு. உன் மேல நான் ஒரு குறையும் சொல்லல."

"அதான் தப்பு" என்றவள் குனிந்து காற்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டினாள். கட்டுக்கு மேலும் கீழும் சதை ஊதிப் பளபளத்தது. "பந்து யார் கையிலயும் நழுவும். திரும்பி ஓடுறது என் வேலை. என்னால ஓட முடியல. அந்த ரெண்டும் என்னோடது."

லோயிக் குனிந்து அந்தக் கட்டைப் பார்த்தார்.

"எத்தனை நாளா?" என்றார் லோயிக்.

"ஒரு மாசமா."

"ஒரு மாசமா என்கிட்ட பொய் சொல்லிட்டுத் திரிஞ்சிருக்கே."

"ஆமா. கும்பாவை இறக்கு. அவ ஓடுவா."

கும்பா இரண்டாவது கோல்கீப்பர். அந்தப் பருவம் முழுக்கப் பெஞ்சைச் சூடாக்கியவள். அவள் எழுந்து தலைமுடியை இறுக்கிக் கட்டினாள்.

கும்பா ஓடினாள். அவள் ஓடிய ஓட்டத்தில் அதற்குப் பிறகு காலிக் கோலில் ஒரு பந்தும் விழவில்லை. நம் பெண்கள் ஒவ்வொரு கோலாகப் போட்டு எதிரியை நெருங்கி வந்தார்கள். நடுவில் நம் பக்கத் தவறுக்குத் தண்டனையாக எதிரிக்கு ஏழு மீட்டர் எறிதல் கிடைத்தது. எறிகிறவளும் கோல்கீப்பரும் மட்டும் நேருக்கு நேர். அந்த ஒன்றுக்காக மட்டும் கோல்கீப்பரை மாற்றிக்கொள்வது உண்டு. லோயிக் தலையைத் திருப்பாமலே கேட்டார்.

"நிக்க முடியுமா?"

"நிக்க முடியும்."

நொண்டி நொண்டி நடந்துபோய் நின்றாள். எறிந்த பந்து அவள் கன்னத்தில் அறைந்து வெளியே போயிற்று. கூடமே எழுந்து நின்று கத்தியது. ஒனரின் மட்டும் உட்கார்ந்தபடி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அர்மெல் கும்பாவின் தோளைத் தட்டிவிட்டு வெளியே வந்தாள். அதுதான் அவள் ஆடிய கடைசிப் பந்து.

ஒரே ஒரு கோலில் தோற்றுக் கீழ்ப் பிரிவுக்குப் போனார்கள். அந்த இரண்டு காலிக் கோலை வைத்துக் கணக்குப் போட யாருக்கும் படிப்பு வேண்டியிருக்கவில்லை.

தோற்றாலும் ஜெயித்தாலும் ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணியும் ஒன்றாய்ச் சாப்பிடுவது வழக்கம். கூடத்து மூலையில் கலெத் என்னும் மெல்லிய அடையில் தொத்திறைச்சியைச் சுருட்டிச் சுருட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அர்மெல் தனியாக ஒரு மேசையில், நாற்காலி மேல் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கம் யாரும் போகவில்லை. கோபமா, கூச்சமா, யார் கண்டது? ஒனரின் அருகில் வந்து கன்னத்து வீக்கத்தில் பனிக்கட்டிப் பையை வைத்து அழுத்தினாள்.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்டி."

"சொன்னா நீ ஆட விட்டிருக்க மாட்டே."

"மாட்டேன்தான்."

ஒனரின் பையைத் திருப்பி வைத்து மறுபடியும் அழுத்தினாள்.

கடைசியில் பெரின் வந்தாள். கையில் இரண்டு தட்டு. ஒன்றை அர்மெல் முன்னால் தட்டென்று வைத்தாள்.

"ரெண்டாவது பாதி முழுக்க மனசுக்குள்ள உன்னைத் திட்டிட்டே ஆடுனேன்."

"தெரியும்."

"இன்னும் திட்டி முடிக்கல."

அர்மெல் நாற்காலியிலிருந்து காலை மெல்ல இறக்கி, நாற்காலியை அவள் பக்கம் தள்ளினாள்.

"உட்கார்ந்து திட்டு. ஆறிடப்போவுது, தின்னுட்டே திட்டு."