கரட்டுக்கு நெருப்பு வச்சது அக்கா இல்ல

அக்கா போயி இந்தப் பங்குனியோட ஒரு வருசம் ஆவுது. தெவசத்துக்கு வர்றவங்க கையில குடுக்க நெனவு மலர் ஒண்ணு அடிக்கிறோம், அம்மாவப் பத்தி நீங்கதான் சொல்லணும் மாமான்னு அக்கா மவ சொல்லிச்சி. எனக்குக் கையெழுத்தே வராது. நான் சொல்லச் சொல்ல அதுதான் எழுதிக்கினு கீது. அக்கா உயிரோட இருக்கச்சொல்ல நீ, வா, போன்னு பேசினவன் நான். மலர்ல "அவங்க"ன்னு போடணுமாம். போட்டுக்கோ, தகும்.

அக்கா பொறந்தது குடிபாலாவுக்குப் பக்கத்துல எங்க ஊர்லதான். நைனாவுக்கு நெலம் இல்ல, ஊர் மாட்ட மேச்சிக் கூலி வாங்கினவரு. அம்மா சீக்கிரமாப் பூட்டாங்க. எனக்கு சோறு ஊட்டினது, தல வாரினது, அடிச்சது எல்லாம் அக்காதான். அப்பால சத்தியவேடு பக்கம் கட்டிக் குடுத்தோம். மாமா நல்ல மனுசன். ஜொரம் கண்டு எட்டு நாள்ல பூட்டாரு. உன் பங்குன்னு பத்து ஆட்டக் குடுத்து அனுப்பி வச்சாங்க அந்த ஊட்ல. ஆட்ட பஸ்ல ஏத்த மாட்டாங்களே. இடுப்புல கொழந்த, முன்னால பத்து ஆடு, நடந்தே வந்து சேந்தாங்க. அந்தக் கொழந்ததான் இப்போ இத எழுதுறது.

பத்து ஆடு நாப்பது ஆச்சி. அது சும்மா ஆவல. எங்களுக்கு மேய்ச்சல்னா ஊருக்கு மேற்கால இருக்கிற பொறம்போக்குக் கரடு ஒண்ணுதான். அதுல போதப்புல்லு ஆளு ஒசரம் நிக்கும். தை வரிக்கும் ஆடு கடிக்கும். மாசி வந்தா கம்பி மாதிரி ஆயிடும், வாயக் கிழிக்கும். அதனால மாசிக் கடைசில கரட்டுக்கு நெருப்பு வைக்கிறது எங்க ஊர் வழக்கம். பங்குனில ஒரு மழ உழுந்தா கருகின தூர்ல இருந்து நாலு நாள்ல பச்ச கெளம்பும். செனையாடு குட்டி போடுற நேரம் அது. அந்தப் பச்சதான் குட்டிக்குப் பாலு.

ஆனா பங்குனி மழய நம்ப முடியாதே. ஒரு மழ பேஞ்சிட்டு அடுத்தது பத்து நாள் தாண்டிச்சின்னா கெளம்பின பச்சையும் வெயில்ல பொரிஞ்சி பூடும். அதனால அக்கா ஒரு கணக்கு வச்சிருந்தாங்க. கெழக்குச் சரிவுல மட்டுந்தான் நெருப்பு வைக்கணும், மேற்குச் சரிவு அப்படியே நிக்கணும். மழ ஏமாத்திச்சின்னா காஞ்சதாவது இருக்கும். பாதிதான், பாதிதான்னு சொல்லிக்கினே இருப்பாங்க. அந்த ரெண்டு மாசமும் அக்கா சரியாத் தூங்கி நான் பாத்ததில்ல. மாந்தோப்புக்காரங்க கல்மழ வந்துடுமோன்னு மேல பாப்பாங்க, நாங்க வராமப் பூடுமோன்னு மேல பாப்போம். ஒரே மேகந்தான்.

அறுபத்தஞ்சோ அறுபத்தாறோ, அந்த வருசம் மாசி முடிஞ்சும் அக்கா நெருப்பு வைக்க விடல. காத்து சரியில்ல, இருன்னாங்க. ஊர்ல எல்லாரும் அக்கா சொல்லுக்குக் காத்துக்கினு இருந்தாங்க. ஒரு மத்தியானம் அக்கா ஆட்ட ஓட்டிக்கினு கானாத்துக்குத் தண்ணி காட்டப் போனாங்க. நான் கரட்டு மேல இருந்தேன். தெக்கால, வேலூர் பக்கம், மேகம் கறுத்துக்கினு வந்திச்சி. இடி கேட்டிச்சி. எனக்கு அவசரம் வந்துடுச்சி. இப்ப நனைஞ்சா புல்லு நெருப்புப் புடிக்காது, பச்ச வராது, இந்த அக்கா இன்னும் காத்துக்கினே இருக்குதேன்னு. மடியில பீடிக்கு வச்சிருந்த நெருப்புப் பெட்டி. கெழக்குச் சரிவுலதான் வச்சேன். மேகத்தோட வந்த காத்து சொழட்டிக்கினு அடிச்சி, நெருப்ப உச்சி தாண்டி மேற்குப் பக்கம் எறக்கிடுச்சி. ரெண்டு பக்கமும் போச்சி. மேகம் அப்படியே வடக்கால நவுந்து பூடுச்சி. ஒரு சொட்டு உழல.

சாயங்காலம் ஊரே கூடிச்சி. ஆறு மாடு வச்சிருந்த பெரியவரு ஒருத்தரு கத்தறாரு.

"எவன்டா வச்சது? என் மாடு இன்னா சாம்பலத் துன்னுமா?"

எல்லாரும் என்னப் பாக்குறாங்க. அக்கா முன்னால வந்து நின்னாங்க.

"நான்தான்ணா வச்சேன். மேகத்தப் பாத்து ஏமாந்துட்டேன்."

"நீயா? ஊருக்கே புத்தி சொல்றவ நீயாம்மா இத செஞ்ச?"

"எனக்கும் ஒரு நாள் புத்தி கெட்டுப் போச்சி."

ஊட்டுக்கு வந்து, ஏன்க்கா அப்படி சொன்னன்னு கேட்டேன். கூழக் கரச்சிக்கினே சொன்னாங்க.

"முப்பத்திரண்டு வயசுல இப்பதான் உனக்கு ஒருத்தரு பொண்ணு குடுக்குறேன்னு கீறாரு. அவரு மாட்டுப் புல்லத்தான் நீ பாத்துக் கொளுத்தியிருக்குற. சொன்னா குடுப்பாராடா?"

"உன்ன ஏசறாங்களேக்கா."

"தாலி அறுத்தவளுக்குப் புதுசா இன்னா கெட்ட பேரு வரப் போவுது. துன்னு."

ஆமா, அந்தப் பெரியவருதான் என் மாமனாரு. என் ஊட்டுக்காரிக்கு இது இன்னிய வரிக்கும் தெரியாது. மலர் வந்தாத்தான் தெரியும்.

அதுக்கப்பால இருபது நாள் மழ இல்ல. புளியந்தழ, வேலங்காயி, எது கெடச்சாலும் அலக்குக் கழியில கொக்கி போட்டு இஸ்து இஸ்துப் போட்டோம். செனையாடு எழுந்திருக்கச்சொல்ல முன்னங்கால் மடங்கும். அக்கா காத்தால எழுந்து ஒவ்வொரு ஆட்டு முதுகையும் தடவிப் பாப்பாங்க, எலும்பு எத்தினி தெரியுதுன்னு. எங்கிட்ட ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

அப்போ திருப்பதி பஸ் கண்டக்டர் ஒருத்தரு, ஏர்பேடு பக்கம் நல்ல மழன்னு சொல்லிட்டுப் போனாரு. அன்னிக்கே கெளம்பிட்டோம். சித்தூரு தாண்டி, திருப்பதி தாண்டி, ஆறு நாள் நட. வழியில ரெண்டு குட்டி செத்துப் பொறந்திச்சி.

ஏர்பேடு ஏரிக்கரை ஏறி எட்டிப் பாத்தா உள்ள அம்மாம் பச்ச. நான் அழுதுட்டேன். ஆடுங்க மோப்பம் புடிச்சி ஓடுதுங்க. அக்கா துப்பட்டிய விரிச்சிக்கினு குறுக்க உழுந்து மறிக்கிறாங்க.

"உடாதடா, உடாத. ஆறு நாள் பட்டினி வயித்துல இந்தக் குருத்துப் போச்சின்னா உப்பி செத்துடும்."

புல்லத் தேடி நடந்தது ஆறு நாள், புல்லு கண்ணு முன்னால, ஆட்ட அடிச்சி அடிச்சித் திருப்புறோம். ஒண்ணு என் காலுக்கு நடுவுல நுழைஞ்சி பூந்துடுச்சி. சத்தியவேட்டுல இருந்து வந்த பத்துல மிச்சம் இருந்த கெழட்டு ஆடு அது. பொழுது சாயறதுக்குள்ள வயிறு மத்தளம் மாதிரி ஆயி செத்துப் போச்சி. அக்கா அது தலைய மடியில வச்சிக்கினு, "நீயும் அவசரப்பட்டுட்டியா"ன்னு கேட்டாங்க. ஆட்டத்தான் கேட்டாங்க.

கரையில நின்னுக்கினு இருந்த தெலுங்குக்கார ரைத்து ஒருத்தரு, அந்த நெலத்துல வெள்ளாம பண்றவரு, எங்களுக்கு முன்ன பின்ன தெரியாதவரு, போருல இருந்து காஞ்ச கடலக்கொடி எடுத்துக்கோன்னாரு. "இன்னா தரணும்ணா"ன்னாங்க அக்கா. "பரவாலேதம்மா, என் நெலத்துல ஒரு மாசம் கிடை மடக்கு, புழுக்கை போதும்"னாரு. மொதல்ல கொடி, அப்பால பனி காஞ்ச பெறவு ஒரு நாழி பச்ச, மறுநாள் கொஞ்சம் ஜாஸ்தி. அப்படி ஏத்தி ஏத்தி மீதி ஆட்டக் காப்பாத்தினாங்க.

வைகாசி பொறந்துதான் ஊரு திரும்பினோம். அதுக்குள்ள அங்கயும் மழ பேஞ்சி கரடு ரெண்டு பக்கமும் பச்சையா நின்னிச்சி. ஆனா பெரியவரு அதுக்குள்ள ரெண்டு மாட்ட வித்துட்டாரு. ஆவணில என் கல்யாணம். பந்தில கூட ஒருத்தரு அக்காவப் பாத்து, "அடுப்புப் பக்கம் போவாதம்மா, ஊரக் கொளுத்திடப் போற"ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. அக்காவும் சிரிச்சாங்க. நான் எலையப் பாத்துக்கினு துன்னேன். இன்னிக்கும் ஊர்ல வயசு சொல்லணும்னா, அந்தம்மா நெருப்பு வச்ச வருசம் பொறந்தவன்னு சொல்றாங்க. இருவது வருசத்துக்கு மேல அதக் கேட்டுக்கினு வாய மூடிக்கினு இருந்தேன்.

போன வருசம் திருப்பதி ஆஸ்பத்திரில சன்னலோரம் அக்காவுக்குக் கட்டில். பேச்சு கொறஞ்சி பூடுச்சி. கண்ணு மட்டும் வெளிய.

"மேகம் எந்தப் பக்கம்டா?"

"தெக்கால கீதுக்கா."

"நெருப்பு வச்சிட்டாங்களா?"

"இன்னும் இல்ல."

"நம்பாத."

அதுக்கு அப்பால ரெண்டு நாள்தான்.

ஆஸ்பத்திரில மூத்திரப் பை மாத்தின நர்சம்மாவுக்கும், உடம்ப ஊருக்குக் கொண்டாந்த வேன்காரருக்கும், தோள் குடுத்த நாலு பேருக்கும், காரியத்துக்கு அரிசி அனுப்பின சத்தியவேட்டு சனத்துக்கும் கையெடுத்துக் கும்புடறேன். கடலக்கொடி குடுத்த மனுசன் இப்போ இல்ல, அவரு புள்ளைங்க ஏர்பேட்டுல இருந்தா இது அவங்களுக்கும். அந்த வருசம் மாட்ட வித்தவங்க, கண்ணுக்குட்டி செத்தவங்க ஊட்டுப் புள்ளைங்க இதப் படிச்சா, ஏச வேண்டியது அக்காவ இல்ல, என்னத்தான்.

ஏன் இப்ப சொல்றேன்னா, மாசி முடிஞ்சிடுச்சி. கரட்டுல புல்லு அப்படியே நிக்குது. அக்கா இல்லாததால எப்ப வைக்கலாம்னு ஊர்ல எல்லாரும் எங்கிட்ட வந்து கேக்குறாங்க. நாலு நாளா பதில் சொல்லல. தெக்கால மேகம் வேற கட்டுது. இந்த மலரக் கொண்டு போயி படிங்க, படிக்கத் தெரியாதவங்களுக்குப் படிச்சுக் காட்டுங்க. அதுக்கு அப்பறமும் என்னக் கேக்கலாம்னு உங்களுக்குத் தோணிச்சின்னா வாங்க. அக்கா சொன்னதத்தான் சொல்வேன்.

பாதிதான்.