நாளுக்கு ஒரு பெட்டி

"கொஞ்சம் இருங்க, இன்னிக்கு உங்க பெட்டிதான்" என்று சொல்லி முடிப்பதற்குள் கெசினே பிராமரின் சிறு கத்தி முத்திரையைக் கிழித்துவிடும். எதிரே நிற்பவரின் சம்மதத்துக்கெல்லாம் அவர் காத்திருப்பதில்லை. மாத்திரை அட்டைகளை மேசைமேல் பரப்புவார். பெட்டியில் உள்ள பெயர், அளவு, தொகுதி எண் மூன்றையும் ஒவ்வோர் அட்டையோடும் ஒப்பிட்டு, உதடு அசையப் படிப்பார். ஒரு மாத்திரையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் பதிவேட்டில் குறி விழும்.

"என்னம்மா, லாட்டரி எனக்கா?" என்பார் ரொட்டிக்கடைக்காரர்.

"பரிசு இல்லாத லாட்டரி. பேசாம நில்லுங்க."

வேலை நாளுக்கு ஒரு பெட்டியையாவது திறந்து சோதிக்க வேண்டும் என்பது ஜெர்மனி மருந்தகங்களுக்கு உள்ள விதி. வேசர் ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் ஊர் மருந்தகத்தில் முப்பத்தேழு வருடமாக அதைச் செய்கிறவர் இந்த அம்மாள். வயது ஐம்பத்தொன்பது. மூக்கில் ஒரு கண்ணாடி, தலையில் ஒரு கண்ணாடி. இரண்டும் போதாமல் இழுப்பறையில் ஒரு பூதக்கண்ணாடி. கோபம் வந்தால் உப்புக் கரிக்கும் கறுப்பு மிட்டாயை வாயில் போட்டுக் கடிப்பார். வீடுவீடாக மருந்து கொண்டுபோகும் வண்டியை ஓட்டுகிறவன் நான். காலையில் உள்ளே நுழையும்போதே, எத்தனை மிட்டாய்த் தாள் கிடக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பேன்.

யாராவது வந்து, புது மாத்திரை போட்டதிலிருந்து கால் அரிக்கிறது என்று சொன்னால் போதும், உடனே மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு அனுப்பும் பக்கவிளைவுப் படிவத்தை எடுத்துவிடுவார். "மாத்திரையாலதான்னு எப்படிச் சொல்றீங்க?" என்று ஒருமுறை ஓர் இளம் மருத்துவர் போனில் கேட்டுவிட்டார்.

"சந்தேகம் போதும். நிரூபிக்கிறது அவங்க வேலை, எழுதுறது நம்ம வேலை. யாரும் எழுதவே இல்லேன்னா, அவ்வளவு பெரிய அலுவலகத்துல உக்காந்து அவங்க என்னத்தப் பாக்குறது, சுவத்தையா?"

போன அக்டோபரில் மூன்று வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனார். திரும்பி வந்த முதல் நாள், ஓர் அம்மாளின் இதய மாத்திரைப் பெட்டியைத் திறந்தார். நூலளவு கூடினாலும் உடம்பில் சேர்ந்து சேர்ந்து நஞ்சாகிவிடும் மருந்து அது. முதல் அட்டை சரியாக இருந்தது. இரண்டாவதில் அச்சிட்டிருந்தது அடுத்த பெரிய அளவு. தொழிற்சாலையில் அட்டைகள் மாறிப்போயிருக்கின்றன. கெசினே அந்தப் பெட்டியைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு பதிவேட்டைப் பின்னோக்கிப் புரட்டினார்.

பத்தொன்பது நாளுக்கு முந்தைய பக்கத்தில் அதே மருந்து, அதே தொகுதி எண். "திறந்து பார்த்தேன். குறை இல்லை." கீழே முதலாளி டாக்டர் ஃபோல்க்மார் லூடெக்கேயின் கையெழுத்து. அந்தத் தொகுதியில் எங்களிடமிருந்து அதுவரை ஒரே ஒரு பெட்டிதான் வெளியே போயிருந்தது. வாங்கியவர் ஒன்னோ டெர்ஃபேன், ஆற்றில் சரக்குப் படகு ஓட்டி ஓய்வு பெற்றவர், தனிக்கட்டை.

"வண்டிய எடு. அவரு போன எடுக்கல" என்றார் என்னிடம்.

டெர்ஃபேன் சமையலறையில் பால் குவளைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். முகம் வெளிறிக் கிடந்தது. "வாப்பா, இத பாரு. பாலு மஞ்சளா இருக்கு. கடைக்காரன் ஏமாத்துறான்" என்றார். பால் வெள்ளையாகத்தான் இருந்தது. ஒரு வாரமாக எல்லாமே மஞ்சளாகத் தெரிகிறதாம், சாப்பாடு தங்குவதில்லையாம். மருத்துவரிடம் போய்க் கேட்டதற்கு, வயசாயிடுச்சுன்னு சொல்லிட்டாராம்.

அந்த மருந்து மிஞ்சினால் எல்லாம் மஞ்சளாகத் தெரியும் என்று கெசினே சொல்லி அனுப்பியிருந்தார். அவசர ஊர்தியைக் கூப்பிட்டுவிட்டு அவரை அழைத்தேன். "பெட்டி இருக்கா? முத்திரைய யாரு கிழிச்சதுன்னு கேளு."

"நான்தான், ரொட்டிக் கத்தியால. ஏன், அது தப்பா?" என்றார் டெர்ஃபேன்.

மருந்தகத்தில் திறந்து பார்த்ததாக எழுதிய பெட்டி, முத்திரை கிழியாமலேயே அவர் கைக்கு வந்திருக்கிறது. போனில் மிட்டாய் நொறுங்கும் சத்தம் கேட்டது.

நாடித் துடிப்பு முப்பத்தாறுக்கு இறங்கியிருந்தது. பதினொரு நாள் மருத்துவமனையில் கிடந்தார். பிழைப்பாரா என்று முதல் நான்கு நாள் யாராலும் சொல்ல முடியவில்லை.

அவரைக் கொண்டுபோன அன்று மதியமே கெசினே மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு அறிக்கை எழுத உட்கார்ந்தார். முதலில் டெர்ஃபேனின் மருத்துவருக்குப் போன் போட்டு, "நாளைக்குப் பாலு பச்சையாத் தெரிஞ்சாலும் வயசுதானா டாக்டர்?" என்று கேட்டுவிட்டு வைத்தார். அப்போது முதலாளி கதவோரம் வந்து நின்றார்.

"தொழிற்சாலைக்காரன் பண்ண தப்பு, கெசினே. அத எழுதுங்க. நம்ம பதிவேட்ட எதுக்கு இழுக்கணும்?"

"ஒரு கத்தி, ஒரு நிமிஷம் டாக்டர். அதுகூட முடியலையா?"

"அன்னிக்கு அவ்வளவு கூட்டம்."

"அப்ப அந்த இடத்த வெறுமனே விட்டிருக்கணும். திறந்து பாத்தேன்னு எழுதுற கைக்கு, திறந்து பாக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

தொழிற்சாலையில் இயந்திரம் தவறியது; இங்கே ஒரு மனிதன் பேனாவை எடுத்து, யோசித்து, தேதி போட்டுப் பொய் எழுதியிருக்கிறான். அந்தப் பொய்யைத் தெரியாமல் டெர்ஃபேன் வீட்டு வாசலில் கொண்டுபோய்க் கொடுத்து, "நலமா இருங்க" என்று சொல்லிவிட்டு வந்தவனும் நான்தான்.

கெசினே அந்தப் பக்கத்தையும் நகலெடுத்து அறிக்கையோடு அனுப்பினார். மூன்றாம் நாள் அந்தத் தொகுதி நாடு முழுவதும் திரும்பப் பெறப்பட்டது. மேற்பார்வை அதிகாரி ஒருவர் வந்தார், இரண்டு மணி நேரம் இருந்தார், முடிவு கடிதத்தில் வரும் என்றார். இன்னும் வரவில்லை. முதலாளி எல்லோருக்கும் கேக் வாங்கி வைத்தார். கெசினே தன் துண்டைத் தொடவே இல்லை.

போன திங்கட்கிழமை டெர்ஃபேன் கைத்தடியோடு வந்தார். சட்டைக்குள் ஆளைத் தேட வேண்டியிருந்தது. சீட்டை நீட்டி, "இன்னிக்கு லாட்டரி எனக்குத்தானேம்மா?" என்றார்.

கெசினே பெட்டியை எடுத்து வந்தார், கத்தியையும் எடுத்தார். ஆனால் கிழிக்கவில்லை. பின்னறைப் பக்கம் திரும்பி, "டாக்டர், கொஞ்சம் வெளிய வாங்க" என்றார். முதலாளி வந்ததும் கத்தியின் பிடி அவர் பக்கம் இருக்கும்படி மேசைமேல் நகர்த்தினார். டெர்ஃபேனுக்குப் பின்னால் வரிசையில் ஐந்து பேர் நின்றிருந்தார்கள்.

முதலாளி முத்திரையைக் கிழித்தார். அட்டைகளைப் பரப்பி, குனிந்து முணுமுணுத்தார்.

"சத்தமா" என்றார் கெசினே. "அவருக்குக் காது கொஞ்சம் மந்தம்."

முதலாளி ஒவ்வோர் எண்ணாகச் சத்தம் போட்டு வாசித்தார். டெர்ஃபேன் காதுமடலைக் கையால் குவித்துக்கொண்டு தலையாட்டினார். கெசினே பதிவேட்டை முதலாளியின் முன்னால் விரித்து வைத்தார்; கடைசி அட்டையை அவர் வாசித்து முடிக்கும்வரை பேனாவை மட்டும் கொடுக்கவில்லை.