பாலைவனத்தில் இறக்கிய மணவறை

போன கிழமை, வேலை முடிந்த கார்கள் எல்லாம் நாற்பதாம் நெடுஞ்சாலையில் ஊர்ந்துகொண்டிருந்த நேரம், என் காருக்குள் ஓர் இனிப்பு வாசம் வந்தது. மனைவி பயற்றம் பணியாரம் ஏதும் வைத்து மறந்துவிட்டாளோ என்று ஆசையோடு பின் இருக்கையைத் திரும்பிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. முன்னால்தான் வெள்ளைப் புகை வந்துகொண்டிருந்தது. றேடியேற்றர் தண்ணீர் ஒழுகிச் சூட்டில் காய்கிற வாசம் அது, சீனிப்பாணி காய்ச்சுகிற வாசத்துக்குக் கிட்ட வரும். காரைப் பற்றி எனக்குத் தெரிந்தது, அது நின்றால் இறங்கவேண்டும் என்பது மட்டும்தான். ஆனால் இந்த வாசத்தை எங்கே வைத்தும் அடையாளம் சொல்வேன். இழுவை வண்டி வரும்வரை தெருவோரப் பனிச்சேற்றில் நின்றேன். கால் மொன்றியலில் நின்றது, மூக்கு நெவாடாவுக்குப் போய்விட்டது.

நான் இந்த ஊருக்கு வந்த புதிதில் தேவண்ணையிடம் வேலை செய்தேன். கலியாணங்களுக்கு மணவறை வாடகைக்கு விடுகிறவர். தூண்கள், யானைத் தலைகள், உச்சியில் ஒரு குட்டிக் கோபுரம், எல்லாம் பலகையும், றெஜிபோம் என்கிற வெள்ளைப் பஞ்சு அட்டையும், மேலே தங்கப் பூச்சு. யானைகளைத் தூக்குவது என் உத்தியோகம். ஊருக்குப் போன் எடுக்கும்போது ‘டெக்கரேஷன் துறை’ என்பேன்.

மொன்றியலின் கார்ட்டியர்வில் பகுதியில் வளர்ந்த ஒரு பெண்ணுக்குக் கலிபோர்னியாவில் கலியாணம் ஒழுங்காகியிருந்தது. தாய் ஒற்றைக் காலில் நின்றா. “மூத்தவளுக்கு வைச்ச அதே மணவறைதான் இவளுக்கும் வேணும். பேந்து ஒருத்தரும் குறை சொல்லக்கூடாது.” மணவறை கலிபோர்னியாவிலும் கிடைக்கும் என்று அவவுக்குச் சொல்ல யாருக்கும் துணிவு வரவில்லை. தேவண்ணை கியூபெக்கைத் தாண்டி எடுத்த முதல் வேலை அது. கழற்றிய மணவறையை வானில் ஏற்றிக்கொண்டு நாங்கள் இருவரும் தெருவழியாக வெளிக்கிட்டோம். சனிக்கிழமை காலை முகூர்த்தம். வெள்ளி பின்னேரம் மணவறை எழும்பி நிற்கவேண்டும். தவறினால் மொன்றியலில் இனி ஒரு குத்துவிளக்கு வாடகைக்கு எடுக்கக்கூட ஆள் வராது என்பதை ஒன்ராறியோ தாண்டுவதற்குள்ளேயே அவர் பலமுறை சொல்லிவிட்டார்.

எல்லையில் அதிகாரி யானைத் தலையைத் தட்டிப் பார்த்து, உள்ளே என்ன என்றார். ஒன்றுமில்லை என்றேன். அன்றைக்குத் தலைக்குள் ஒன்றுமில்லாமல் அமெரிக்காவுக்குள் நுழைந்தது மூன்று பேர். இரண்டு யானை, ஒன்று நான்.

வழி பார்ப்பது என் பொறுப்பு. எனக்கு ஒரு வியாதி இருந்தது. தெருவோரத்தில் ‘இங்கே வந்து பாருங்கள்’ என்று எந்தப் பலகை நின்றாலும் கை தானாக எழும்பும். “அண்ணை, அடுத்த வளைவில திருப்புங்கோ.” அப்படித்தான் பெற்றோல் நிலையத்தை விட உயரமான சீமெந்து டைனோசரைப் பார்த்தோம். சப்பாத்து மாதிரிக் கட்டிய கடையில் தேத்தண்ணி குடித்தோம். ஓரிடத்தில் முள்ளுக்கம்பிக்கு என்றே ஒரு மியூசியம் இருந்தது. கண்ணாடிக்குள் துண்டு துண்டாகக் கம்பி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். தேவண்ணை இடுப்பில் கை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

“எங்கட ஒழுங்கை வேலியளுக்குள்ள பந்து பொறுக்கப் போய் நான் கிழிச்ச காற்சட்டையளையும் இதுக்குப் பக்கத்தில வைக்கலாமடா” என்றார்.

நெவாடாவுக்குள் வந்தபோது வெள்ளிக்கிழமை காலை. நேரம் தாராளமாக இருந்தது. அந்தத் தைரியத்தில்தான் ‘பேய் நகரம்’ என்ற பலகையைக் கண்டதும் வாயைத் திறந்தேன்.

“பேயைப் பாக்கவோ?” என்று கேட்டார் தேவண்ணை.

“பேய் இல்லையண்ணை. ஆக்களில்லாத ஊர். சுரங்கத்தில வெள்ளி முடிய எல்லாரும் விட்டிட்டுப் போட்டினம். இப்ப சனம் வந்து படம் எடுக்குது.”

“கூரையில்லாத வீடு, கதவில்லாத பள்ளிக்கூடம். இதைக் காசு குடுத்துப் பாக்கிறாங்களோ? சண்டை நேரம் நான் அதுக்குள்ள இருந்துதான் வெளிக்கிட்டு வந்தனான்.” வானின் வேகத்தைக் குறைத்தார். பிறகு மெல்லக் கேட்டார். “எவ்வளவு தூரமாம்?”

தார் முடிந்து புழுதிப் பாதை தொடங்கியது. அங்கேதான் அந்த இனிப்பு வாசம் முதல்தடவை வந்தது. ஊரின் பெயர்ப்பலகையடியில் வான் பெருமூச்சு விட்டு நின்றது. பலகையில் சனத்தொகையை வெட்டி வெட்டி எழுதியிருந்தார்கள். கடைசியாக இரண்டையும் வெட்டி ஒன்று என்று போட்டிருந்தது.

சாய்ந்த மரவீடுகள், ஒரு துருப்பிடித்த தொட்டி, சுவர் மட்டும் மிஞ்சிய ஒரு மண்டபம். எவ்வளவு பாழடைந்த வளவானாலும் குரல் கொடுக்காமல் கால் வைக்கிற பழக்கம் தேவண்ணையிடம் இல்லை. முதல் வீட்டு வாசலில் நின்று, “வீட்டில ஆக்கள் இருக்கினமோ?” என்று தமிழில் கேட்டார்.

உள்ளே இருந்து யாரோ பதில் சொன்னார்கள்.

நான் எங்கே நின்றேன் என்று கேட்கக்கூடாது. வானுக்குள் யானைத் தலை இரண்டுக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்க இடம் இருந்தது.

வந்தது பேயல்ல, தாடி வைத்த ஒரு வெள்ளைக் கிழவர். தொப்பியைக் கழற்றிக்கொண்டு என்னென்னவோ கேட்டார். தேவண்ணையின் ஆங்கிலம் சின்ன ஆங்கிலம். அவர் தலையை ஆட்டி ஆட்டி “ஓம், ஓம், ஓம்” என்றார். கிழவர் திகைத்துப்போய்க் கைகூப்பினார். வானுக்குள் தங்கக் கோபுரமும் யானைகளும் தெரிந்தன. நடமாடும் கோயிலும் சாமியாரும் தன் வாசலுக்கு வந்ததாக நினைத்திருக்கவேண்டும். நான் வெளியே வந்து, எங்கள் ஊர்ப் பேச்சில் அதற்கு ‘ஆம்’ என்றுதான் அர்த்தம் என்று விளக்கினேன்.

“இவன் நான் மனிசியோட போனில கதைக்கிறதைக் கேட்டானெண்டால் காலில விழுந்திடுவானடா” என்றார் தேவண்ணை.

கிழவரின் வளவில் செத்த லொறிகள் நின்றன. ஒன்றிலிருந்து ரப்பர் குழாயை வெட்டி எடுத்து எங்கள் வானுக்குப் பொருத்தினார். தூரத்திலிருந்து பீப்பாயில் வருகிற தன் குடிதண்ணீரை மளமளவென்று றேடியேற்றருக்குள் ஊற்றினார். ஊற்றிக்கொண்டே நீளமாக ஏதோ கேட்டார். தேவண்ணை குழாயையே பார்த்தபடி “ஓம், ஓம்” என்றார். கிழவருக்கு முகமெல்லாம் பல். கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“என்னவாம்?”

“மணவறையை இறக்கிப் பூட்டி நிப்பாட்டிக் காட்டச் சொல்லிக் கேட்டவர் அண்ணை. நீங்கள் ஓமெண்டு சொல்லிப்போட்டியள்.”

“அது கேட்டுக்கொண்டிருக்கிறன் எண்ட ஓமெல்லோ!”

“ஓமெண்டால் ஆம் எண்டு நான்தானே அண்ணை சொல்லிக் குடுத்தனான்.”

“உனக்கு ஆரடா வாத்தியார் வேலை தந்தது?”

வான் ஓடத் தயார். உடனே கிளம்பினால் பின்னேரத்துக்குள் போய்ச் சேரலாம். தேவண்ணை மணிக்கூட்டைப் பார்த்தார். கிழவரைப் பார்த்தார். அந்தாள் அதற்குள் கூரையில்லாத மண்டபத்தைக் கூட்டத் தொடங்கியிருந்தார்.

“இறக்கு” என்றார் தேவண்ணை.

“அண்ணை, பொம்பிளையின்ர தாய்…”

“ஓமெண்டாச்சு. இறக்கடா.”

மண்டபத்துக்குள் பூட்டி நிறுத்திய தங்கத் தூண்களை அந்த வெயிலில் பார்க்கக் கண் கூசியது. கிழவர் மூன்று கதிரைகளை இழுத்துவந்து முன்னால் போட்டார். தான் நடுவில் இருந்து, இனி என்ன நடக்கும் என்று கேட்டார். பொம்பிளையும் மாப்பிளையும் வருவார்கள் என்று தேவண்ணை தன் சின்ன ஆங்கிலத்தில் சொன்னார்.

அப்படியென்றால் கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம் என்றார் கிழவர்.

பகிடிக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு வாசலையே பார்த்தார். தேவண்ணையும் பார்த்தார். கடைசியில் நானும் திரும்பிப் பார்த்தேன். காற்று வந்தது. ஓர் ஓணான் வந்து முன்வரிசையில் குந்தியது. வேறு யாரும் வரவில்லை. யாரும் சிரிக்கவுமில்லை.

கடைசியில் தேவண்ணை எழும்பினார். “வரமாட்டினம் போல. கழட்டுவம்.”

வெள்ளி பின்னேரம் நிற்கவேண்டிய மணவறை சனி விடியத்தான் நின்றது. ஐயர் ஓமகுண்டத்துக்குக் கல் அடுக்குகிறார், இந்தப் பக்கம் நான் யானைத் தலையைப் பொருத்துகிறேன். தாய்க்காரி தேவண்ணையைப் பேசின பேச்சை நான் எழுதமாட்டேன். இடையில் தும்பிக்கையிலிருந்து சிவப்பு மண் கொட்டியது. “என்ன இது?” என்றா. “கலிபோர்னியா முறை” என்றேன். நம்பிவிட்டா. மணவறையைச் சுற்றிப் பார்த்து, “அதேதான்” என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தா. தேவண்ணைக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

இப்போது எல்லாரும் மணவறைக்குப் பதிலாகப் பூக்களால் ஒரு சுவர் வைக்கிறார்கள். மொன்றியல்-நோர் பகுதிக் கராஜில் கிடந்த மணவறையை எலி அரித்து, ஒரு குப்பை நாளில் வெளியே வைத்தோம். வான் பழைய இரும்புக்குப் போனது. நெவாடாவில் அந்த ஊரை வரைபடத்தில் தேடினால் பெயர்கூட வருவதில்லை. புழுதிப்பாதை ஒரு மெல்லிய கோடாக வந்து நடுவழியில் நின்றுவிடுகிறது. கிழவருக்கு ஒரு கலியாணப் படம் அனுப்பவேண்டும் என்று பேசிக்கொண்டேயிருந்தோம், பேந்து பேந்து என்றே தள்ளிப் போய்விட்டது.

அந்தக் கலியாணமும் போய்விட்டது. சில வருடங்களில் இருவரும் பிரிந்துவிட்டார்கள். அந்தப் பெண் தனியாக, நன்றாகத்தான் இருக்கிறாள். செய்தி கேட்ட அன்று தேவண்ணை தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தார்.

“அண்டைக்கு நாங்கள் மூண்டு பேரும் பாத்துக்கொண்டிருக்க வராமல் விட்ட சோடி இருக்குதெல்லோ,” என்றார். “அதுகள் இப்பவும் ஒண்டாத்தான் இருக்குங்களடா.”