தோல் பட்டையும் என் வாயும்

போன வருடம் தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது, ஈப்போவில் என் குஷன் கடையில் நடந்தது இது. காரோ வேனோ, எந்தக் காடி சீட்டுக்கும் தோல் தைப்பதில் இங்கிருந்து பாரிட் புந்தார் வரை என்னை மிஞ்ச ஆள் கிடையாது. தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் ஆண்டோடு நின்றவன் நான். இன்று மூன்று மெஷின், சொந்தக் கடை. எல்லாம் இந்தக் கையால் வந்தது.

அன்று கோப்பெங்கிலிருந்து ஒரு கணவன் மனைவி வந்தார்கள். இருவருக்கும் முப்பத்தைந்து வயது இருக்கும். அவர் சுவரில் தொங்கிய தோல் சாம்பிளையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பெண்தான் பேசினார். மணிக்கட்டில் மாட்டுகிற மாதிரி ஒரு ஜோடி தோல் பட்டை வேண்டும், உள்ளே மெத்தென்று துணி வைக்க வேண்டும், ஓரம் சதையை அறுக்கக்கூடாது என்றார்.

“முக்கியமா, மாட்டிக்கிட்டவங்களே ஒரு இழுப்புல அவுத்துடணும் அங்கிள். எதுக்குன்னு கேக்காதீங்க.”

கேட்கவில்லை. புரிந்துவிட்டது. “என் கடைக்கு வர்ற வேலைய நான் வெளிய பேச மாட்டேன் லா,” என்று பெருமையாகச் சொன்னேன்.

எனக்கு உடனே புரிந்ததற்குக் காரணம் உண்டு. இதை எழுதவே எனக்கு அறுபத்தெட்டு வயது ஆக வேண்டியிருந்தது. எங்கள் அறைக் கதவைச் சாத்திவிட்டால் என் மனைவி சொல்வதுதான் சட்டம். பழைய சேலைத் துணியால் என் கைகளைக் கட்டு என்று கேட்டவன் நான்தான். முதலில் சிரித்தாள். பல நாள் யோசித்தாள். பிறகுதான் சரி என்றாள். முப்பது வருடமாக அது எங்கள் இருவருக்குள் இருந்தது. வெளியில் நான் தவுக்கே, கடை முதலாளி.

பட்டையை நான் வெட்டினேன், உள்துணியை அவள் தைத்தாள். மறுநாள் காலை இரண்டு நண்பர்கள் வழக்கம்போல் கோப்பி குடிக்க வந்தார்கள். நல்ல வேலை செய்துவிட்டு நாலு பேருக்குக் காட்டாமல் இருக்க என்னால் முடியாது. காட்டினேன். ஒருவன் கையில் மாட்டியும் விட்டேன்.

“அண்ணே, இது மாட்டுக்கா, மனுசனுக்கா?”

“கோப்பெங்ல ஒருத்தி புருசனக் கட்டி வைக்கிறா போல,” என்றேன் நான். “ வெக்கங்கெட்டவ.”

“அந்தாளு ஆம்பளதானா மச்சான்?” என்றான் மற்றவன். மூன்று பேரும் வயிறு குலுங்கச் சிரித்தோம்.

பின்னால் என் மனைவியின் மெஷின் சத்தம் நின்றது. நண்பர்கள் போகும்வரை அவள் வரவில்லை. பிறகு வந்து, பட்டையில் நீட்டிக்கொண்டிருந்த நூலைக் கத்தரித்தாள்.

“அவ வெக்கங்கெட்டவன்னா, நான் யாருங்க?”

நான் மேசையில் கிடந்த தோல் துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தேன்.

“இத்தன வருசமா என்னையும் அப்படித்தான் நெனச்சீங்களா?”

இல்லை என்றேன். நம்பினாளா என்று தெரியாது. உள்ளே போய் மறுபடி மெஷினை மிதித்தாள்.

மத்தியானம் அந்த ஜோடி வந்தது. அந்தப் பெண் பட்டையைத் தன் கையில் மாட்டி, இழுத்துப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்றார். வாங்கிக்கொண்டு போகட்டும் என்று விட்டிருக்கலாம். ஆனால் மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள். நண்பர்களிடம் காட்டிச் சிரித்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அப்போதுதான் அந்தக் கணவர் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.

“எங்க பேரச் சொன்னீங்களா?”

“பேரு எனக்கே தெரியாது தம்பி. ஊர மட்டும் சொல்லிட்டேன்.”

“கோப்பெங் சின்ன ஊரு அங்கிள்.”

பட்டையை எடுத்துக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு வரவில்லை.

எங்கள் வீட்டில் அந்தச் சேலைத் துணியால் மனைவி இப்போது தரை துடைக்கிறாள். நண்பர்கள் இன்னமும் காலையில் கோப்பிக்கு வருகிறார்கள். கோப்பெங்காரி என்று ஆரம்பித்தால், “விடுங்கடா, அது அவங்க வீட்டு விசயம்,” என்கிறேன். என் வீட்டு விசயமும் அதுதான் என்று சொல்ல இன்றுவரை துணிச்சல் வரவில்லை. ஆனால் என்னை நம்பிய இரண்டு பெண்களை ஒரே சிரிப்பில் கேவலப்படுத்தினேனே, அந்த வெட்கத்துக்கு முன்னால் நான் முப்பது வருடம் மறைத்து வைத்த வெட்கமெல்லாம் ஒன்றுமே இல்லை.