அப்பாவை விருந்தாளி ஆக்கிய வீடு

பெங்களூர் ஒக்கலிபுரத்தில் நானும் அப்பாவும் இருந்த வாடகை வீட்டை இடிக்கப்போவதாகச் சொன்னதும் வேறு வீடு தேடி அலைந்தேன். போன இடமெல்லாம் ஒரே கேள்வி, வயசானவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று. நாய் வளர்க்கிறீர்களா என்று கேட்கிற அதே குரல். என்னைப் பெற்ற அப்பா இருக்கிறார், எழுபத்தெட்டு வயது என்றால் போதும், சொல்லி அனுப்புகிறோம் என்று கதவைச் சாத்திவிடுவார்கள். கிழவர் வீட்டில் செத்துவிட்டால், அதுவும் ஆகாத நட்சத்திரத்தில் செத்துவிட்டால், மாதக்கணக்கில் வீட்டைப் பூட்டிப்போட வேண்டுமாம். நாசமாய்ப் போக. இவர்களுக்கெல்லாம் வயசே ஆகாதா?

ஏழாவது வீட்டில் பொய் சொன்னேன். சந்தாபுராவில், மாடியில் ஓனரம்மா, கீழே நாங்கள். அப்பா ஊரிலிருந்து வந்திருக்கிறார், பத்து நாளில் போய்விடுவார் என்றேன். அவருக்கு ஏது ஊர்? பிறந்ததும், நாற்பது வருஷம் லேத் பட்டறையில் நின்று காலைக் கெடுத்துக்கொண்டதும் இதே பெங்களூரில்தான். ஆனாலும் பத்து நாளுக்கு ஒருமுறை ஓனரம்மா கண்ணில் படும்படி பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார். சிவாஜிநகரில் பழைய சினேகிதர் ஒருவரின் கடையில் இரண்டு நாள் படுத்திருந்துவிட்டு, புதிதாக வந்தவர்போல் திரும்புவார். எப்போது வந்தீர்கள் என்று அந்தம்மா கேட்டால், இப்போதுதான் என்று சிரிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தம்மாமேல், அவர்மேல், பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா நின்ற என்மேல்.

இந்த மழைக்காலத்தில் நுரையீரல் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார். இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை, சில நாள்தான், வீட்டில் நிம்மதியாக இருக்கட்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டுக்குப் போகலாம் என்றுதான் அப்பாவும் முனகிக்கொண்டிருந்தார். ஆட்டோவில் வந்து இறங்கினால், டாக்டர் சொன்னது எப்படித் தெரிந்ததோ, கேட்டைப் பிடித்துக்கொண்டு ஓனரம்மா நிற்கிறாள்.

"தப்பா நெனச்சுக்காதேம்மா. இன்னிக்கு அவிட்டம். இதோட அஞ்சு நாள் ஆகாது. ஆஸ்பத்திரியிலயே வெச்சிரு."

காறித் துப்பியிருக்க வேண்டும். அவளைத் தள்ளிவிட்டு அப்பாவை உள்ளே தூக்கிக்கொண்டு போயிருக்க வேண்டும். நட்சத்திரம் என்றால் எரிகிற வாயு என்று பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவள் நான். அந்த வாயால்தான் கேட்டேன்.

"அஞ்சாம் நாள் எத்தனை மணிக்குங்க முடியுது?"

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்றாள். ஆட்டோவுக்குள்ளிருந்து அப்பா என் கையைப் பிடித்தார்.

"அதுவரைக்கும் தாங்குவேன். உள்ள கூட்டிட்டுப் போம்மா."