சித்தீகா உள்ளே போன வீடு

நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு பள்ளிக்கூடம். அதில் ஆயாம்மா சித்தீகா. இருபது வருஷமாகப் பிள்ளைகளோடு சுற்றுலா பஸ்ஸில் தவறாமல் போகிறவள்; ஆனால் ஒரு இடத்தையும் உள்ளே போய்ப் பார்த்ததில்லை. கோயிலோ கோட்டையோ, வாசலில் உட்கார்ந்து பிள்ளைகளின் ஷூவுக்குக் காவல். "நான் போகாத ஊரில்ல, பாத்த இடந்தான் ஒண்ணுமில்ல" என்று சிரிப்பாள்.

இந்தத் தடவை மட்டும் அவள் விடுவதாக இல்லை. போவது பண்ருட்டிக்கு, டாக்டரம்மா காந்திமதியின் வீட்டுக்கு. அந்தக் காலத்தில் மாட்டுவண்டியில் ஊர் ஊராகப் போய் வைத்தியமும், தன் வீட்டிலேயே பிரசவமும் பார்த்த மகராசி. வீட்டை இப்போது காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். அந்த வீட்டில்தான் சித்தீகாவைப் பெற்ற அத்தா அப்துல் வஹீத் பிறந்தார். எண்பது வயசாகியும் மனுஷர் விவரம் தெரிந்து அதைப் பார்த்ததில்லை. "நீயாச்சும் உள்ள போய்ப் பாத்துட்டு வந்து சொல்லும்மா" என்று காலையில் கையைப் பிடித்துக்கொண்டார்.

பஸ்ஸை நிறுத்த இடம் தேடி டிரைவரோடு போன செங்குட்டுவன் சார், "பதினாலாம் நம்பர் வீடு. வாசல்ல வரிசையா நிக்க வைங்க, வந்துடறேன்" என்றார். டவுன்ஷிப்பில் ஒரு குவார்ட்டர்ஸுக்கு ஒரே நம்பர்தான். வெளியூர்த் தெருவில் வீட்டுக்கு வீடு பழைய நம்பர் ஒன்று, புது நம்பர் ஒன்று இருக்கும் என்று இவளுக்கு எங்கே தெரியும்? ஒரு சுவரில் பெரிசாகப் பதினாலு. கதவும் திறந்து கிடந்தது. பிள்ளைகளை எண்ணினாள்: முப்பத்தெட்டு. சார் வந்தால் ஷூவுக்குக் காவல் வைத்துவிடுவாரே! "கழட்டிப் போட்டுட்டு உள்ள வாங்கடா செல்லங்களா" என்று முதல் ஆளாக நுழைந்தாள்.

ஹாலில் பழைய கட்டில். அதில் தலையோடு கால் மூடி ஒரு உருவம்.

"ஆயாம்மா, பொம்மையா?" என்று ஆறாங்கிளாஸ் வாலு வெண்மதி அதன் கால் கட்டைவிரலைத் தொட்டுப் பார்த்தாள்.

சித்தீகாவுக்கு அது காதிலேயே விழவில்லை. "இந்தக் கட்டில்லதான் எங்க அத்தா பொறந்தாரு!"

பொம்மை சடாரென்று எழுந்து உட்கார்ந்தது. "யாரு பொறந்தது?"

அடேயப்பா, முப்பத்தெட்டும் போட்ட கூச்சலில் கூரை பிய்த்துக்கொண்டு போகாத குறை! பலாப்பழம் அறுத்த கையோடு ஓடிவந்த வீட்டுக்காரி புஷ்பவல்லி, கட்டிலில் முழித்துக்கொண்டிருந்த புருஷனையும் கூட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். விஷயம் தெரிந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"இது பழைய பதினாலும்மா. புதுப் பதினாலு நாலு வூடு தள்ளி!"

ஆளுக்கொரு சுளை கிடைத்தது. தின்று முடிக்குமுன் சார் மூச்சிரைக்க வந்து நின்றார். திட்டவில்லை, பாவம், வழக்கமானதைத்தான் சொன்னார். "சித்தீகாம்மா, அங்க வாசல்ல ஷூவைப் பாத்துக்கங்க." அவள் முகம் வாடிப்போயிற்று.

புஷ்பவல்லி விடவில்லை. "எதுக்கு சார்? இங்கியே கெடக்கட்டும், எங்க வூட்டுக்காரரு பாத்துகினு இருப்பாரு. நாலு வூடு வெறுங்கால்ல நடந்தா தேஞ்சா பூடுவாங்க?" பிறகு சித்தீகாவின் கையைப் பிடித்தாள். "முப்பது வருஷமா இதே தெரு. நானும் உள்ள போனதில்ல. வா, போலாம்."

போனார்கள். பிரசவ அறை கடைசியில் இருந்தது. ஒரு இரும்புக் கட்டில், ஒரு ஜன்னல், அவ்வளவுதான். வெண்மதி முதல் வேலையாகக் கட்டிலில் யாரும் படுத்திருக்கிறார்களா என்று பார்த்தாள். சித்தீகா அத்தாவுக்கு வீடியோ கால் போட்டாள். அவர் முகம் தெரிந்ததுதான் தாமதம், "ஹேப்பி பர்த்டே தாத்தா!" என்று பிள்ளைகள் கத்தித் தீர்த்தார்கள்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். "இம்மாஞ்சின்ன ரூமா?" என்றார். பிறகு மகளைப் பார்த்துக் கேட்டார்.

"ஏம்மா, நீ உள்ளதான நிக்கிற?"

"உள்ளதான் அத்தா" என்று சித்தீகா அழுதுகொண்டே சிரித்தாள். "உள்ளதான் நிக்கிறேன்!"